ஏழு சென்டிமீட்டர்

வலது தொடைப் பக்கம் துணி வெளுத்த ஒரு நீள்சதுரம்,
என் கால்சட்டை எல்லாவற்றிலும் உண்டு.
துவைத்தால் போகாது.
பையைக் காலி செய்த பிறகும்
உள்ளே ஏதோ இருப்பதாகவே காட்டும்.

பன்னிரண்டு வருடமாய்க் கல்சோய் தீவுப் படகில் தளவேலை.
முதல் நடை ஆறு ஐம்பதுக்கு.
வண்டிகளை நெருக்கி நிறுத்து, கயிற்றை அவிழ், கயிற்றைக் கட்டு.
நடுவில் இருபது நிமிடம் கடல்.
அந்த இருபது நிமிடத்தில்தான்
யாருக்காவது ஏதாவது கழன்றுகொள்ளும்.

சாமலின் மூக்குக்கண்ணாடித் திருகு.
பள்ளிக்கூடப் பையனின் ஜிப்.
வேலிக்கம்பி சுற்றிய ஆட்டுக்குட்டியின் பின்னங்கால்;
அது நன்றி சொல்லவில்லை, உதைத்தது.
ஒருமுறை பாதிரியாரின் செவிக்கருவியிலிருந்து கழன்று
காதுக்குள் தங்கிப்போன ரப்பர் துண்டு.
இடுக்கியைக் கழுவினாயா என்றார்.
கழுவினேன் என்றேன்.
மீன்முள் எடுத்து அரைமணி ஆகியிருந்தது.

மடக்கினால் உள்ளங்கைக்குள்,
விரித்தால் ஒரு நண்டு.
ஞாயிறுதோறும் மூட்டுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய்,
இல்லாவிட்டால் உப்பு உள்ளே உட்கார்ந்துகொண்டு
குறடு முனகும்.
ஒரு சின்னக் கொக்கி மட்டும்
எதற்கென்று தெரியாது.
பூட்ஸ் கயிறு இழுக்க என்பான் என்ஜின்காரன்.
இடம் காலியாக இருந்தது, வைத்துவிட்டார்கள் என்பார் கேப்டன்.
எனக்கு இரண்டாவதே சரியாகப் பட்டது.

நவம்பரில் தங்கைக்குக் கோபன்ஹேகனில் அறுவை.
விமான நிலையத்தில் ரோக்வி நின்றான்.
மாமியார் வீட்டுக்கு வாராவாரம் என் படகில் வருபவன்.
அவன் காரின் நம்பர் பலகை தொங்கியபோது
முறுக்கிக் கொடுத்தது நான், இதே கருவியால்,
மழையில், மண்டியிட்டு.

ஸ்கேல் எடுத்தான்.
கத்தியின்மேல் வைத்தான்.
“ஆறுவரை போகலாம், தூரி. இது ஏழு.”
சீருடைக்குத் தனியாக ஒரு குரல் வைத்திருந்தான்.
பழுப்பு உறையில் போட்டு, ஒட்டி, என் பெயர் எழுதினான்,
எழுத்துப்பிழையோடு.

நான்கு நாள்.
கோபன்ஹேகன் நடைபாதைகள் எல்லாம்
இடப்பக்கம் சரிந்திருந்தன.
பால் டப்பாவைப் பல்லால் கிழித்தேன்.
கடைக்காரர்கள் எல்லாவற்றையும் திறந்தே கொடுக்கும் ஊரில்
கை மட்டும் அடிக்கடி பைக்குள் போய்
வெறுமனே திரும்பியது.

பெயின்டாவின் கட்டில் விளக்குக்குக் கழுத்து நிற்கவில்லை.
ஒரே ஒரு திருகு, அரைச் சுற்று.
நாணயம் நுழையவில்லை.
சாவி நுழைந்தது, வழுக்கியது.
நகம் பிய்ந்தது.
பராமரிப்புப் பிரிவுக்குப் படிவம் போயிருக்கிறது என்றாள் செவிலி,
போன வாரமே.

மயக்கம் முழுதாகத் தெளியாமல்
என் தங்கை சொன்னாள்:
“விளக்கை விடு. வாந்தி வருகிறது. என் தலையைப் பிடி.”
பிடித்தேன்.
விளக்கு சாய்ந்தபடியே எரிந்தது,
எங்கள் இருவரின் முழங்கால்மேல்.

திரும்பி வந்தபோது
உறை பிரிந்து, வேறு நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது.
ரோக்வியின் காது சிவந்திருந்தது.
சீருடைக் குரலைக் காணோம்.
“தட்டு ஓடும் பட்டையில் ஒரு திருகு ஆடியது.
ராத்திரி எட்டு மணி, யாரைக் கூப்பிட?
அப்புறம்… மாமியாருக்கு ஒரு பார்சல்.
கயிறு விரலை அறுத்தது.
கொக்கியில் மாட்டித் தூக்கினேன்.
பார்சல் தூக்கத்தானே அது?”

பின்னே எதற்கு என்றேன்,
பிறந்தபோதே தெரிந்தவள்போல.

பேருந்தில் கடைசி இருக்கை. சுரங்கப்பாதை வந்தது.
கொக்கியைத் திறந்து பார்த்தேன்.
வளைவில் ஒரு சணல் நார்.
பன்னிரண்டு வருடம் என்னோடு இருந்துவிட்டு
இன்னொருவனிடம் போய் வேலை செய்திருக்கிறது.

நாரை எடுக்க இடுக்கியைப் பாதி இழுத்தேன்.
பிறகு வேண்டாமென்று
அப்படியே மடக்கிவிட்டேன்.